புள்ளிக்குப் பிறகு

கஸ்தூரியார் வீதிக் கடையில
கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கிற தராசு
மூச்சு விட்டாலும் நடுங்கும்.
இருபத்திரண்டு வருசமா அதுக்கு முன்னால
மூச்சை அடக்கி இருக்கிறன்.
தாலிக்கொடி, பதக்கம், அடகால மீண்ட காப்பு.
அரை மஞ்சாடி பிசகினாலும்
முதலாளியின்ர புருவம் ஏறும்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில
மிஸ்ஸி என்னை ஏறச் சொன்ன தராசு
துருப்பிடிச்ச தகரம்.
தொண்ணூற்றொண்டு, எண்டா.
புள்ளிக்குப் பிறகு? எண்டு கேட்டன்.
நிமிர்ந்து பாத்தா.
"ஐயா, உங்களுக்குப் பிரச்சினை புள்ளிக்கு முன்னால."

அடுத்த நாள் விடியப்புறம் பண்ணைப் பாலம்.
ரெண்டு பக்கமும் கடல்,
முழங்காலளவு தண்ணியில வலையோட ஆக்கள்,
நடுவில நானும் என்ர புதுச் சப்பாத்தும்.
ஒரு மணித்தியாலம் கைவீசி நடப்பன்.
திரும்பி வாற வழியில, களைப்புக்கு,
ரெண்டு றோல்ஸ், ஒரு பால்தேத்தண்ணி.
ரெண்டு மாசம்.
தொண்ணூற்றொண்டு, எண்டா மிஸ்ஸி.
அடகு வைச்ச நகையை
அண்டைக்கே மீட்டுக்கொண்டு போற சனத்தை
நான் பாத்திருக்கிறன்.
நானும் அந்தச் சனந்தான்.

பேந்து கடையில கழிச்சுவிட்ட பழைய தராசை
வீட்டுக்குக் கொண்டுவந்தன்.
நீத்துப்பெட்டி கவிட்ட புட்டை
ஆவி பறக்கப் பறக்கத் தட்டில வைச்சன்.
அறுநூற்று நாப்பது கிராம்.
எண்பது பவுண்! ஒரு நேரத்துக்கு!
"இனி உரைகல்லிலயும் உரைச்சுப் பாருங்கோவன்"
எண்டு புனிதவதி அகப்பையை வைச்சிட்டுப் போட்டா.

புட்டைப் பாதியாக்கினன்.
மற்றப் பாதிக்கு முருங்கையிலை வறை,
பொரியலை விட்டிட்டு ஆவியில அவிச்ச மீன்.
கொஞ்ச நாளில அதையும் பாதியாக்கினன்.
இரவில ஒண்டுமில்லை, வெறுந்தேத்தண்ணி.
ஆறு கிழமையில எண்பத்தஞ்சு.
நெஞ்சை நிமித்திக்கொண்டு கடைக்குப் போனா
கொடிக்குக் கொளுக்கி மாத்த வந்த மனிசி கேக்கிறா,
"என்ன தம்பி, வருத்தமோ?"
கண்ணாடியில பாத்தன்.
வண்டி கொஞ்சம் இறங்கியிருந்தது,
தோளும் கையும் அதோட சேந்து போயிருந்தது.

திருநெல்வேலியில மாடி ஜிம்.
கம்பஸ் பெடியளுக்கு நடுவில நான் மட்டும் நரைச்சவன்.
அன்ரன் றெஜி, என்ர மூத்தவனின்ர வயசு,
சொன்னான்:
"அங்கிள், பட்டினியால நெருப்பு வைச்சா
உடம்பு கொழுப்பை மட்டும் தேடி எரிக்காது.
தசையையும் அள்ளிப் போடும்.
நீங்கள் பாரம் தூக்கினாத்தான்
இது வேணும், இதை எரிக்காத எண்டு அதுக்கு விளங்கும்.
சாப்பிடுங்கோ. முட்டை, பயறு, கடலை.
நடையையும் விடாதேங்கோ, அது நெஞ்சுக்கு."

தூக்கினன்.
முதல் கிழமை சேட்டுக் கழட்ட
புனிதவதி வரவேண்டியிருந்தது.
மூண்டு மாசம் தூக்கினன்.
எண்பத்தஞ்சு.
எண்பத்தஞ்சு.
எண்பத்தஞ்சரை.
தகரத் தராசை உதைக்கலாம் போல இருந்தது.
பெல்ட்டில புதுசா ரெண்டு ஓட்டை போட்டதை
அப்ப நான் ஒரு கணக்கிலயும் எடுக்கேல்லை.

ஒரு ஞாயிறு கீரிமலைக்குப் போனம்.
கேணியில நான் மல்லாந்து கிடந்தா
தேங்காய் மாதிரி மிதப்பன்.
சின்ன வயசில இருந்து எனக்குத் தெரிஞ்ச
ஒரே நீச்சல் அதுதான்.
அண்டைக்கும் கையை விரிச்சுக் கிடந்தன்.
முதலில கால் போச்சு,
பிறகு இடுப்பு,
பிறகு மூக்குக்குள்ள கேணி.
இருமி இருமிப் படியைப் பிடிச்சு எழும்பினன்.
எழும்பினவனுக்கு ஒரே சிரிப்பு.

ஒரே நிறை பித்தளையும் பொன்னும்
பக்கத்துப் பக்கத்தில வைச்சா
பொன் எவ்வளவு சின்னனா இருக்கும் எண்டு
சின்னப் பிள்ளைக்கும் காட்டுவன் நான்.
இவ்வளவு காலமும் என்னை நிறுத்தது மட்டுந்தான்,
ஒரு நாளும் தண்ணியில போட்டுப் பாக்கேல்லை.

"தாண்டுபோன மனிசன் சிரிக்கிறதைப் பார்"
எண்டு புனிதவதி துவாயை எறிஞ்சா.

வரேக்க தெல்லிப்பழைச் சந்தியில
றோல்ஸ் சாப்பிட்டன்.
ஒண்டு.
புள்ளிக்குப் பிறகு ஒண்டுமில்லை.